காசிமேட்டுக்காரனும் அண்டார்டிகா கப்பலும்

காசிமேட்டில் வளர்ந்தவன், கடல் என்னை என்ன செய்துவிடும் என்ற தெனாவெட்டில்தான் அர்ஜென்டினாவின் உசுவாயாவில் கப்பல் ஏறினேன். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே இருக்கும் ட்ரேக் நீரிணையைத் தாண்டும் இரண்டு நாளும் படுக்கையை விட்டு எழவில்லை. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு; நான் காசைக் கொட்டி மேல்தளத்தில் பால்கனி அறை எடுத்து, அந்தக் கதவைத் திறந்ததே மொத்தம் மூன்று முறைதான். அறை நம்ம தண்டையார்பேட்டை ஒண்டுக்குடித்தனம் அளவு, ஆனால் ஈர பூட்ஸ் காயவைக்கத் தனி இடம் உண்டு.

கரைக்கு ரப்பர் படகில் போக வேண்டும். ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்பது அங்கே விதி, அதனால் பெரிய கப்பல்காரர்கள் முறை வைத்துக் காத்திருக்க, நாங்கள் எல்லோரும் ஒன்றாக இறங்கிவிட்டோம். இதற்காகவே சின்னக் கப்பல் எடுக்கலாம். பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வார்கள், சரி, ஆனால் அந்த நாற்றம் 50 மீட்டர் வரும், நம்ம மீன் ஏலக்கூடம் தோற்றது!

சாப்பாடு சூப், ரொட்டி, உருளைக்கிழங்கு. அம்மா கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் ஐந்தாம் நாளே தீர்ந்தது, பாதியை எதிர் மேஜை ஜெர்மன் தாத்தா ரொட்டியில் தடவியே காலி செய்துவிட்டார்.