ஜப்பான் பள்ளிகளில் நன்னெறி: பாடநூலா, துடைப்பமா?

ஒழுக்கத்தைப் பாடமாக நடத்துவதா, வேலையாகக் கொடுப்பதா? ஜப்பான் இரண்டையும் ஒரே பள்ளிக்குள் வைத்திருக்கிறது.

ஒன்று, 'தோதோகு' என்னும் நன்னெறி வகுப்பு. வாரம் ஒரு பாடவேளை. 1958 முதல் நடந்துவந்தாலும், 2018-இல் தொடக்கப் பள்ளியிலும் 2019-இல் நடுநிலைப் பள்ளியிலும்தான் முறையான பாடமானது. அரசு ஒப்புதல் பெற்ற பாடநூல் உண்டு. மதிப்பெண் கிடையாது, ஆசிரியர் சில வரிகள் எழுதித் தருவார். நேர்மை, நாட்டுப்பற்று, பிற நாட்டவரை மதித்தல் எல்லாம் இதில் வரும். ஆனால் ஆசிரியர் எதிர்பார்க்கும் பதிலைப் பிள்ளைகள் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

மற்றது, அன்றாட வேலை. வகுப்பறையையும் நடையையும் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கிறார்கள். மதியம் முறைவைத்து, வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு சாப்பாட்டைப் பரிமாறுகிறார்கள். குழம்பு கடைசி ஆள்வரை வருமா என்று பார்த்துத்தான் கரண்டியைச் சாய்க்க வேண்டும். பங்கீட்டை இதைவிட நன்றாக எந்தப் புத்தகம் சொல்லித்தரும்? எகிப்துகூட 2018 முதல் சில பள்ளிகளில் இம்முறையைப் பின்பற்றுகிறது.

என் ஓட்டு இரண்டாவதற்கே. தொலைநாட்டு மனிதரைப் பற்றிப் பேச மட்டும் துடைப்பம் உதவாது, அதற்குப் புத்தகம் வேண்டும்.

நம் ஊருக்கு இதை அப்படியே கொண்டுவரவும் முடியாது. இங்கே துடைப்பத்தில் சாதி ஒட்டியிருக்கிறது. பள்ளிக் கழிவறையைக் கழுவ யார் வீட்டுப் பிள்ளையை அனுப்பினார்கள் என்ற செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்! எல்லாருக்கும் முறை வராவிட்டால் அது தண்டனைதான். பரிமாறுவதில் தொடங்கலாம், சத்துணவுக் கூடம் ஏற்கெனவே இருக்கிறது.