க்ரியா அகராதி: விளக்கக் கட்டுரை எழுதுபவருக்கு எவ்வளவு பயன்?

'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'யைப் பெரும்பாலோர் வாங்குவது தெரியாத சொல்லுக்குப் பொருள் பார்க்க. ஆனால் ஒரு நோயையோ, சட்டத்தையோ, கருவியையோ வாசகருக்குப் புரியவைக்க எழுதுகிறவருக்கு இதில் அதிக லாபம் தெரிந்த சொல்லைத் தேடும்போதுதான். 'மேற்கொள்', 'ஏற்படுத்து', 'அமை', 'குறை' மாதிரிச் சொற்களை யாரும் அகராதியில் பார்ப்பதில்லை. வாக்கியம் கெடுவதோ பெரும்பாலும் இவற்றில்தான். எழுதும் மேசையில் இந்த அகராதி என்ன வேலை செய்யும், எங்கே கைவிரிக்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முதல் பதிப்பு 1992-இல் வந்தது. விரிவாக்கிய பதிப்பு 2008-இலும் மூன்றாம் பதிப்பு 2020-இலும் வந்தன. தற்கால உரைநடையில் உண்மையில் புழங்கும் சொற்களைத் திரட்டித் தொகுத்தது என்பதே இதன் அடையாளம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனோடு (1924–1936) எண்ணிக்கையில் போட்டி போட முடியாது. அதில் ஒரு லட்சம் சொல்லுக்கு மேல், இதில் மூன்றாம் பதிப்பிலேயே இருபதாயிரத்துச் சொச்சம். லெக்சிகன் பழைய இலக்கியத்திலிருந்து மேற்கோள் காட்டும். க்ரியா இன்றைய நாளிதழிலோ சிறுகதையிலோ வரக்கூடிய வாக்கியத்தைக் காட்டும். கட்டுரை எழுதுபவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

ஒரு சொல்லுக்கான பதிவு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் இந்த அகராதி பயன்படும். வினைச்சொல் என்றால், சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எச்சங்கள் இருக்கும். 'குறைய, குறைந்து' என்று ஒரு வினை, 'குறைக்க, குறைத்து' என்று இன்னொரு வினை. முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது ஒருவர் செய்வது. இந்தச் சின்ன அடைப்புக்குறி 'பெட்ரோல் விலை குறைத்துள்ளது' என்ற தப்பைப் பிடித்துக் கொடுக்கும். விலை எதையும் குறைக்கவில்லை. விலை குறைந்துள்ளது, அல்லது நிறுவனங்கள் விலையைக் குறைத்துள்ளன. 'செயலி தானாகப் புதுப்பிக்கும்' என்று எழுதும்போதும் இதே கோளாறுதான். புதுப்பிப்பது எதை? 'செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்' என்றால் கேள்வி எழாது. எச்சத்துக்கு அடுத்து தமிழில் பொருள், ஆங்கிலத்தில் பொருள், எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு வினை 'ஐ' உருபு கேட்கிறதா, 'கு' கேட்கிறதா, 'இடம்' கேட்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

துண்டறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் ரக வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'மழைநீர் சேகரிப்பு அமைப்பினை முறையான வகையில் பராமரிப்பு மேற்கொள்ளப்பட வேண்டியது இன்றியமையாத ஒன்றாகக் காணப்படுகிறது.' பதினொரு சொல். முதலில் உடைவது 'அமைப்பினை'. இந்த 'ஐ' உருபுக்கு ஒரு வினை வேண்டும். 'பராமரிப்பு' பெயர்ச்சொல், அதால் 'ஐ'யைத் தாங்க முடியாது. 'அமைப்பின் பராமரிப்பு' என்று இருந்திருக்க வேண்டும், அல்லது 'அமைப்பைப் பராமரிக்க' என்று. அகராதியில் 'பராமரி' என்ற வினையைப் பார்த்துவிட்டு அதையே பயனிலையாக்கினால் 'மேற்கொள்ளப்பட' தானாக உதிர்ந்துவிடும். 'வேண்டும்' என்பதே கட்டாயத்தைச் சொல்லிவிடுவதால் 'இன்றியமையாத ஒன்றாகக் காணப்படுகிறது' என்ற வாலும் தேவையில்லை. மிஞ்சுவது: 'மழைநீர் சேகரிப்பு அமைப்பை முறையாகப் பராமரிக்க வேண்டும்.' ஆறு சொல்.

அகராதியின் வேலை இத்தோடு முடிந்தது. வாக்கியத்தின் வேலை முடியவில்லை. 'முறையாக' என்றால் என்ன? 'வடகிழக்குப் பருவமழைக்கு முன் மொட்டை மாடியைப் பெருக்கி, வடிகட்டும் தொட்டியிலுள்ள மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவி, மறுபடி நிரப்ப வேண்டும்.' சொல் கூடிவிட்டது, பரவாயில்லை. சுருக்கமாக எழுதுவது வேறு, தெளிவாக எழுதுவது வேறு என்பதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுகிற ஆசிரியர்களும் உண்டு.

பயன்படுத்தும் முறை இப்படி. முதல் வரைவை எழுதும்போது அகராதியைத் தொடாதீர்கள், ஓட்டம் கெடும். முடித்தபின் ஒவ்வொரு வாக்கியத்திலும் பயனிலையை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். 'மேற்கொள்ளப்படுகிறது', 'ஏற்படுத்துகிறது', 'அமைந்துள்ளது', 'காணப்படுகிறது', 'விளங்குகிறது' ஆகியவற்றில் எது வந்தாலும் அதற்கு முன்னால் உள்ள பெயர்ச்சொல்லைப் பாருங்கள். பத்தில் எட்டு முறை உண்மையான வினை அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும்: ஆய்வு மேற்கொண்டனர் என்றால் ஆராய்ந்தனர், தாக்கத்தை ஏற்படுத்தியது என்றால் பாதித்தது, விளக்கம் அளித்தார் என்றால் விளக்கினார். வெளியே எடுத்த வினையை அகராதியில் பார்த்து எடுத்துக்காட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு 'ப்பட்ட', 'ப்படும்' வடிவங்களை எண்ணுங்கள். நூறு சொல் கொண்ட பத்தியில் இரண்டுக்கு மேல் இருந்தால் செய்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் எழுவாயாக்குங்கள். செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில் ('பாலம் 1988-இல் கட்டப்பட்டது') செயப்பாட்டுவினை சரியானதே. அதையும் துரத்த வேண்டாம்.

சொல் பிரிப்புக்கு இந்த அகராதி மிகவும் நம்பகமானது. துணைவினைகளுக்குத் தனிப் பதிவே உண்டு. 'சொல்லிவிட்டான்' சேர்ந்து வந்தால் சொல்லி முடித்தான். 'சொல்லி விட்டான்' பிரிந்து வந்தால் சொல்லி அனுப்பினான் என்றும் படிக்கலாம். 'எழுதிப்பார்', 'செய்துகொண்டிருந்தாள்' போன்றவற்றை எங்கே சேர்ப்பது என்ற சந்தேகத்துக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்தால் ஒரே சீரான வழக்கம் கிடைக்கும். கட்டுரை முழுக்க அதையே பின்பற்றுங்கள். பாதியில் மாற்றுவதுதான் வாசகரை இடறவைக்கும்.

ஒற்று மிகுவதில் உதவி அரைகுறை. தலைச்சொல்லாக, அதாவது தனிப் பதிவாக, உள்ள கூட்டுச்சொற்களில் ஒற்று சரியாக இருக்கும். நீங்கள் புதிதாகச் சேர்க்கும் இரண்டு சொற்களுக்கு இடையில் என்ன வரும் என்று சொல்லாது. 'கீரை கடை' என்றால் மத்தை எடுக்க வேண்டும், 'கீரைக் கடை' என்றால் பையை எடுக்க வேண்டும். இதற்கு மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' கூடவே இருக்கட்டும். நிறுத்தக்குறிக்கும் அதுதான் துணை. 'முடிவு' எடுப்பதா, செய்வதா? 'கவனம்' செலுத்துவதா, கொடுப்பதா? இந்த மாதிரிச் சந்தேகத்துக்குச் சொற்சேர்க்கை அகராதி தனியாகவே இருக்கிறது. அதுவும் மொழி அறக்கட்டளை வெளியீடுதான்.

வழக்குக் குறிப்புகளை யாரும் கவனிப்பதில்லை என்பது வருத்தம். பேச்சு வழக்கு, உயர் வழக்கு, அருகிவரும் வழக்கு, இலங்கை வழக்கு என்று சொல்லுக்குச் சொல் குறித்திருக்கிறார்கள். நுகர்வோர் உரிமையைப் பற்றிய கட்டுரையில் திடீரென்று மேடைப் பேச்சு ஒலித்தால், சந்தேகப்படும் சொல்லைத் தேடுங்கள். அநேகமாக உயர் வழக்கு என்ற குறி இருக்கும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள் படிக்கப்போகும் கட்டுரை என்றால் இலங்கைக் குறிப்புகள் இன்னும் முக்கியம்.

இனி, கைவிரிக்கும் இடங்கள். தமிழ் வாக்கியத்தின் பெரிய ஆபத்து பெயரெச்சக் குவியல்: 'காய்ச்சலுடன் வந்த நோயாளிகளைப் பரிசோதித்த மருத்துவர்கள் பரிந்துரைத்த மருந்துகள் கிடைக்காத பகுதிகளில் சிறப்பு முகாம் நடந்தது.' ஒவ்வொரு சொல்லும் சரி, இலக்கணமும் சரி. ஆனால் நான்கு எச்சங்களை மனத்தில் தாங்கிக்கொண்டு கடைசிச் சொல் வரை போக வேண்டியிருக்கிறது. 'காய்ச்சலுக்கு மருத்துவர்கள் பரிந்துரைத்த மருந்துகள் சில பகுதிகளில் கிடைக்கவில்லை. அங்கே சிறப்பு முகாம் நடந்தது' என்று பிரித்தால் போதும். ஒரு பெயருக்கு முன் இரண்டு பெயரெச்சம் வரை தாங்கும். மூன்றாவது வந்தால் முற்றுப்புள்ளி வையுங்கள். எந்த அகராதியும் இதைச் சொல்லித் தராது. 'மட்டும்' எங்கே நிற்க வேண்டும் என்பதும் அப்படியே. 'மாத்திரையை இரவில் மட்டும் சாப்பிடவும்' என்பதற்கும் 'மாத்திரையை மட்டும் இரவில் சாப்பிடவும்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் மருந்துச் சீட்டில் சின்ன விஷயமில்லை. பத்தியை எதில் தொடங்குவது, புதிய சொல்லை எந்த இடத்தில் விளக்குவது என்பதெல்லாம் அகராதிக்கு வெளியே உள்ள சங்கதி.

கலைச்சொற்களுக்கும் இதை நம்பிப் பயனில்லை. தமிழ்நாடு அரசின் சொற்குவைத் தளத்தில் தேடுவதே மேல்; ஒரே கருத்துக்குப் பல சொற்கள் கிடைக்கும், ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே பயன்படுத்த வேண்டும்.

புத்தகம் கனமானது, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். மடியில் வைத்துப் புரட்ட ஏற்றதல்ல, எழுத்தும் சிறியது. நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு நல்ல விளக்கு வெளிச்சம் வேண்டும். 'தந்து' என்று தேடினால் கிடைக்காது, 'தா'வுக்குப் போக வேண்டும் என்பதைக் கல்லூரி மாணவர்களுக்குக்கூட ஒருமுறை காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய புத்தகக் கடையில் 1992 பதிப்பு மலிவாகக் கிடைத்தால் வினைகளுக்கும் துணைவினைகளுக்கும் அது இன்றும் போதும். ஆனால் அது கைபேசியும் இணையமும் வீட்டுக்கு வராத காலத்துத் தொகுப்பு. தொழில்நுட்பம், வணிகம், நிர்வாகம் பற்றி எழுதுபவர் 2020 பதிப்பையே வாங்கலாம். மாதம் ஒரு கட்டுரை எழுதுகிறவர் நூலகப் பிரதியை வைத்துச் சமாளிக்கலாம். வாரம் இரண்டு எழுதுகிறவரோ பிறர் எழுத்தைத் திருத்துகிறவரோ என்றால் சொந்தப் பிரதி இல்லாமல் முடியாது.