டெட்ராய்ட் லயன்ஸ் 2025: நடுவில் நிற்கும் மூன்று பேரைப் பாருங்கள்

ஒரு அணியைப் பின்தொடர்வதும் வருஷச் சந்தா கட்டுவது மாதிரிதான். 17 ஆட்டம், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். இந்தியாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தூக்கமும் போகும். தொடங்கப்போகும் 2025 சீசனில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் ஆடும் லயன்ஸுக்கு அந்தத் தூக்கத்தைக் கொடுக்கலாமா? தாராளமாக. ஆனால் போன வருஷத்து அணிதான் வரப்போகிறது என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண். மீதி ஒன்றரை எங்கே கழிந்தது என்பதைத்தான் விலாவாரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வருஷக் கணக்கு (2024) கண்ணைப் பறிக்கும். 15 வெற்றி, 2 தோல்வி. 564 புள்ளிகள், லீகிலேயே முதலிடம். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜாரட் காஃப் 4,629 யார்டு, 37 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது), எறிந்த பந்தில் 72.4 சதவீதம் சரியான கைக்குப் போனது. பிறகு ஜனவரி 18ஆம் தேதி, நாக் அவுட் சுற்றில், சொந்த ஃபோர்டு ஃபீல்டில், வாஷிங்டன் கமாண்டர்ஸிடம் 45-31 என்று மண்ணைக் கவ்வினார்கள். ஐந்து முறை பந்து கைமாறியது. நான்கு காஃப் கணக்கில். ஐந்தாவது யாருடையது என்பதற்குக் கீழே வருகிறேன். 1957க்குப் பிறகு பட்டம் இல்லை, சூப்பர் பவுல் வாசலை மிதித்ததே இல்லை என்ற பழைய பல்லவி இன்னொரு வருஷம் நீண்டது.

கோடை முழுக்க எல்லோரும் பேசியது பயிற்சியாளர்களைப் பற்றி. தாக்குதலைத் திட்டமிட்ட பென் ஜான்சன் சிகாகோ பேர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். தடுப்பைப் பார்த்துக்கொண்ட ஆரன் கிளென் நியூயார்க் ஜெட்ஸுக்கு. ஒரே மாதத்தில் இரண்டு கையும் போனது பெரிய அடிதான், மறுக்கவில்லை. ஆனால் ஜான்சன் என்றதும் ஜனங்களுக்கு நினைவு வருவது வித்தை ஆட்டங்கள். போன டிசம்பரில் சிகாகோவில் காஃப் தடுக்கி விழுவதுபோல் நடித்தார், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸ் தரையிலேயே விழுந்தார், பந்து தவறிவிட்டது என்று எதிரணி பாய்ந்த நேரத்தில் சாம் லபோர்ட்டாவுக்கு 21 யார்டு டச்டவுன். (அதே சிகாகோ இப்போது ஜான்சனுக்கே சம்பளம் கொடுக்கிறது.) அந்த ஐந்தாவது பறிகொடுப்பும் வித்தைதான்: நான்காம் குவார்ட்டரில் பந்தைப் பிடிக்க வேண்டிய ஜேமிசன் வில்லியம்ஸை எறியச் சொன்னார்கள், எதிராளி பிடித்துக்கொண்டான். வித்தை இல்லாமலும் பிழைக்கலாம். ஜான்சனிடம் உண்மையில் விலை அதிகமான சரக்கு வேறு. ஒரே வரிசையில் நின்று மூன்று முறை ஓட்டம் காட்டிவிட்டு, நான்காவது முறை அதே வரிசையிலிருந்து எறிய வைக்கும் அந்த அடுக்கு. தாக்குதலைத் திட்டமிட வந்த புதிய கோஆர்டினேட்டர் ஜான் மார்ட்டன் 2022இல் இங்கேயே வேலை பார்த்தவர், கடைசி இரண்டு வருஷம் டென்வரில் இருந்தவர். காஃபுக்கு எல்லாவற்றையும் புதிதாக மனப்பாடம் செய்யும் வேலை இல்லை. அந்த அடுக்கு வருமா என்பது அக்டோபரில்தான் தெரியும்.

என் கவலை அங்கே இல்லை. காஃபுக்கு முன்னால் கோட்டில் தடுத்து நிற்கும் ஐந்து பேரில் நடு மூவர் மேல்.

போன வருஷம் இடமிருந்து வலமாக நடுவில் நின்றவர்கள்: இடது கார்டு கிரஹாம் கிளாஸ்கோ, சென்டர் ஃபிராங்க் ராக்னோ, வலது கார்டு கெவின் ஸைட்லர். ஸைட்லர் டென்னசி டைட்டன்ஸுக்குப் போனார். ராக்னோ ஜூன் மாதம், 29 வயதில், ஓய்வை அறிவித்துவிட்டார். வருஷக்கணக்கில் கால் பெருவிரல் காயத்தோடு ஆடிய உடம்பு அது. இப்போது கிளாஸ்கோ சென்டருக்கு நகர்கிறார். அவர் விட்ட இடத்தில் கிறிஸ்டியன் மஹாகனி, 2024 கல்லூரி வீரர் தேர்வில் ஆறாவது சுற்றில் எடுத்தவர். வலது பக்கம் டேட் ராட்லெட்ஜ், இந்த வருஷம் 57ஆவதாகத் தேர்வான ஜார்ஜியா கல்லூரிப் பையன். ஆள் ஒருவர் பழையவர் என்றாலும் மூன்று இருக்கையிலும் புது ஆள் என்பதுதான் கணக்கு. இரு ஓரத்திலும் டேக்கிள்களாக பெனே சூவெல், டெய்லர் டெக்கர் இருக்கிறார்கள். லீகில் இவ்வளவு நல்ல ஜோடி ஒன்றிரண்டுதான். ஓரம் இரும்பு, நடு ஈரச் சுவர்.

சென்டர் வேலை பந்தைக் காலிடுக்கில் பின்னால் கொடுப்பதோடு முடிவதில்லை. ஆட்டக் கடிகாரம் ஓடும்போதே எதிரணியின் நடு லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) யார் என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டும், யார் எந்தப் பக்கம் சரிந்து தடுப்பது என்று கத்த வேண்டும். எதிரணி கடைசி நொடியில் இடம் மாறினால் மறுபடி கத்த வேண்டும். ராக்னோ ஆறு சீசன் செய்த வேலை. கிளாஸ்கோவும் முன்பு சென்டர் ஆடியவர், அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் இரு பக்கமும் நிற்பவர்களுக்கு அவர் குரல் புதிது.

வெளியூர் மைதானத்தில் அந்தக் குரலும் கேட்காது. அப்போது சைகைதான். கார்டு ஒருவர் தலையைத் திருப்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார். அவர் காலைத் தூக்கியதும் கார்டு சென்டரைத் தட்டுவார். சென்டர் தலையை நிமிர்த்தி, ஒரு கணம் விட்டு, பந்தைக் கொடுப்பார். தட்டுபவர் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரில் யார் இடம் மாறினார்கள் என்பதைப் பாதிதான் பார்த்திருப்பார். பழகிய கார்டுக்கு அது பழக்கம். புதுப் பையன் அரை நொடி தாமதிப்பான். அந்த அரை நொடிக்குள் 140 கிலோ ஆள் அவன் தோளைத் தாண்டிவிடுவான்.

அடுத்த கோளாறு குறுக்குப் பாய்ச்சலில் வரும். எதிரணியின் உள் ஆள் கார்டின் வெளித்தோளில் மோதி அவரை ஓரத்துக்குத் தள்ளுவார். ஓர ஆள் அவர் பின்னால் சுற்றி நடு இடைவெளிக்குள் வருவார். கார்டும் டேக்கிளும் பஸ்ஸில் ஜன்னல் வழியே மூட்டை மாற்றுகிற மாதிரி, கையில் இருப்பவரை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வருபவரை வாங்க வேண்டும். பழகாத ஜோடி என்றால் இருவரும் ஒருவனையே பிடித்துக்கொள்வார்கள். மற்றவன் நேராகக் காஃப் மேல்தான்.

காஃப் ஓடித் தப்பிக்கிற ரகம் இல்லை, அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன். ஓரத்திலிருந்து ஆள் வந்தால் அவருக்குப் பிரச்சினை இல்லை: இரண்டு அடி முன்னால் ஏறி, முன்காலை ஊன்றி எறிவார். நடுவிலிருந்து வந்தால் ஏற இடமே இருக்காது. பின்காலில் சாய்ந்து எறிவார், பந்து மிதக்கும், உயரும், மிதக்கும் பந்தைப் பின்வரிசைக்காரன் பறிப்பான். லயன்ஸின் உயிர்நாடியான போலி ஓட்டத்தில் இது இன்னும் மோசம். கிப்ஸிடம் பந்தைக் கொடுப்பதுபோல் காட்டும்போது காஃப் ஒரு நொடிக்கு மேல் எதிரணிக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். திரும்பும்போது முன்னால் வெளி இருக்கும் என்ற நம்பிக்கையில் ஆடுகிற ஆட்டம் அது. திரும்பியதும் ஒருவன் முகத்துக்கு நேரே நின்றால், 15 யார்டு தூரத்தில் குறுக்கே ஓடிவரும் அமோன்-ரா செயின்ட் பிரவுன் காலியாக இருந்தும் பயனில்லை.

மருந்து இல்லாமல் இல்லை. மூன்று அடி பின்வாங்கி உடனே எறியலாம். 115 பந்து பிடித்த செயின்ட் பிரவுன் இருக்கிற வரை அது ஓடும். கிப்ஸுக்கு ஸ்கிரீன் (தடுப்பவர்களை முன்னால் விட்டு எறியும் குட்டைப் பந்து) கொடுக்கலாம். லபோர்ட்டாவைப் பந்து பிடிக்க ஓடவிடாமல், காஃபுக்குக் காவலாக நிறுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. சீக்கிரம் எறிந்தால் ஜேமிசன் வில்லியம்ஸ் நீளப் பாதையில் ஓடி முடிக்க நேரம் கிடைக்காது. போன வருஷம் 1,001 யார்டு எடுத்தவரைக் குட்டைப் பாதையில் ஓட விடுவது வீண். லபோர்ட்டாவை நிறுத்தினால் எதிரணி ஒரு ஆளை மிச்சப்படுத்திக்கொள்ளும். அதனால் 564 மாதிரி ஒரு எண்ணை இந்த வருஷம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஓட்ட ஆட்டத்தில் எனக்கு இவ்வளவு பயம் இல்லை. புதுக் கார்டுகள் பின்வாங்கித் தடுக்கக் கற்க நாளாகும், முன்னால் தள்ள உடனே வரும். கிப்ஸ் போன வருஷம் 1,412 யார்டு ஓடியவர், பிடித்ததையும் சேர்த்தால் 20 டச்டவுன். டேவிட் மாண்ட்கோமரி முழங்கால் சரியாகித் திரும்பியிருக்கிறார். பந்து பிடிப்பவர்களில் புதுமுகம் ஐசக் டெஸ்லா முன்னோட்ட ஆட்டங்களில் நன்றாகவே தெரிந்தார். காஃபுக்கு மாற்று கைல் ஆலன். ஹென்டன் ஹுக்கரை விடுவித்துவிட்டார்கள். கிக்கர் ஜேக் பேட்ஸ் 29 ஃபீல்டு கோல் உதையில் 26 போட்டவர், அங்கே பேச எதுவும் இல்லை.

தடுப்புப் பக்கம் நல்ல செய்தி ஒன்றே, ஆனால் பெரியது: எய்டன் ஹட்சின்சன் திரும்பிவிட்டார். போன அக்டோபரில் டல்லஸில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவதற்கு முன், ஐந்தே ஆட்டத்தில் 7.5 சாக் (எறியுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்திருந்தார். அவர் போனதும் மற்றவர்களும் சீட்டுக்கட்டு மாதிரி விழ, தடுப்பில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் காயப் பட்டியலில். அவருக்கு எதிர்ப் பக்க ஓரம்தான் இன்னும் ஓட்டை. ஸடேரியஸ் ஸ்மித்தை மார்ச்சில் விட்டுவிட்டு, போன வருஷம் இரண்டே ஆட்டம் ஆடிய மார்கஸ் டேவன்போர்ட்டை மறுபடி எடுத்தார் பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ். இவ்வளவு நல்ல தேர்வாளர் இந்த ஒரு இடத்தில் மூன்று வருஷமாகக் கண்ணை மூடிக்கொள்வது ஏன் என்று புரியவில்லை. நடுவில் அலிம் மெக்நீல் முழங்கால் அறுவைக்குப் பிறகு முதல் சில வாரம் வரமாட்டார். அதுவரை டி.ஜே. ரீடரும், முதல் சுற்றில் 28ஆவதாக எடுத்த, 150 கிலோவைத் தொடும் டைலீக் வில்லியம்ஸும் தாங்க வேண்டும்.

பின்வரிசை பலமானது. கெர்பி ஜோசஃப் போன வருஷம் ஒன்பது இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது), லீகில் முதலிடம். பிரையன் பிராஞ்ச் எங்கே நிறுத்தினாலும் ஆடுவார். கார்ல்டன் டேவிஸ் போன இடத்துக்கு ஜெட்ஸிலிருந்து டி.ஜே. ரீட், மூன்று வருஷம், 4.8 கோடி டாலர். புதிய தடுப்பு கோஆர்டினேட்டர் கெல்வின் ஷெப்பர்ட் இங்கேயே லைன்பேக்கர்களைப் பயிற்றுவித்தவர், ஆளுக்கு ஆள் ஒட்டி நிற்கும் பழைய முறையைத் தூக்கி எறிய மாட்டார். அந்த முறைக்கு முன்வரிசை சீக்கிரம் குவார்ட்டர்பேக்கை அடைய வேண்டும். அடையாவிட்டால் டெரியன் ஆர்னால்ட் மாதிரி இளம் கார்னர் (ஓரப் பின்வரிசைக்காரர்) நான்கு நொடி ஒட்டி ஓட வேண்டிவரும், கை சட்டையைப் பிடிக்கும், தவறு என்று நடுவரின் மஞ்சள் கொடி விழும்.

அட்டவணை இரக்கம் காட்டவில்லை. வெளியூரில் 9, உள்ளூரில் 8. போன வருஷம் தங்கள் நான்கு அணிப் பிரிவில் முதலிடம் பிடித்த தண்டனையாக பக்கனீர்ஸ், ராம்ஸ், சீஃப்ஸ் மூவரும் சேர்ந்திருக்கிறார்கள். முதல் ஆறு வாரத்தில் நான்கு பயணம்: கிரீன் பே, பால்டிமோர், சின்சினாட்டி, கேன்சஸ் சிட்டி. சைகையில் ஆட வேண்டிய மைதானங்கள், புது நடு வரிசைக்கு அனுபவமே இல்லாத வாரங்கள். நவம்பர் 9 வாஷிங்டன், 16 ஃபிலடெல்ஃபியா என்று அடுத்தடுத்து இரண்டு. பிறகு நவம்பர் 23, 27, டிசம்பர் 4 என்று 12 நாளில் மூன்று ஆட்டம், நல்ல வேளையாக மூன்றும் வீட்டில். பிரிவிலும் மூச்சுவிட இடமில்லை: போன வருஷம் 14 வென்ற மினசோட்டா புதுக் குவார்ட்டர்பேக்கோடு வருகிறது, சிகாகோவுக்கு ஜான்சன் கிடைத்துவிட்டார், கிரீன் பே ஆகஸ்ட் கடைசியில் டல்லஸிடமிருந்து, குவார்ட்டர்பேக்கைப் பாய்ந்து பிடிக்கும் மைக்கா பார்சன்ஸை வாங்கியது. என் கணக்கில் லயன்ஸ் 10 அல்லது 11 வெற்றி. அக்டோபர் நடுவில் 3-3 என்று நின்றால் பதற வேண்டாம். 2-4 என்றால் பதறலாம்.

முதல் ஆட்டமே கிரீன் பேயில், நமக்கு செப்டம்பர் 8 திங்கள் அதிகாலை 1:55க்கு. முழுசாகப் பார்க்க முடியாதவர்கள் மூன்றாவது டவுனை (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது) மட்டும் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள்; 69 என்ற எண் போட்ட வலது கார்டு ராட்லெட்ஜுக்கு நேர் எதிரே யார் நிற்கிறார் என்று பாருங்கள். பார்சன்ஸ் ஓரத்தில் மட்டும் நிற்கிற ஆள் இல்லை, எதிரணியின் பலவீனமான கார்டைத் தேடி உள்ளே வந்து நிற்பது அவருக்கு வழக்கம். அவர் உள்ளே வரும்போது கிளாஸ்கோ தன் கையை வலது பக்கம் கொடுத்து உதவினால் அணி தயாராக வந்திருக்கிறது. ராட்லெட்ஜைத் தனியாக விட்டால், காஃப் எந்தக் காலில் எறிகிறார் என்று அடுத்த கணம் பாருங்கள்.