எம்ஜி என்று கேட்காதீர்கள், ஹெரால்டு என்று கேளுங்கள்

இங்கிலாந்தில் என்னிடம் இருப்பது 1950களின் எம்ஜி டிஎஃப் ஸ்போர்ட்ஸ் கார் போலவே செய்த நகல் கார். வெளித்தோற்றம்தான் எம்ஜி, அடியில் முழுக்க ட்ரையம்ஃப் ஹெரால்டு. 1959இல் வந்த ஹெரால்டுக்குச் சேஸிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடி தனி. மேலே இருப்பதைக் கழற்றிவிட்டு வேறு பாடியை மாட்டிவிடலாம் என்பதால், நகல் கார் செய்தவர்களில் பலர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அதே ஹெரால்டைத்தான் 1961 முதல் நம் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று தயாரித்தார்கள். எனவே இந்த முறை லீவில் வந்தபோது, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வேலைகளுக்கு நடுவே, பழைய கார் சாமான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைப் பக்கம் ஒதுங்கினேன்.

அங்கே போய் எம்ஜி பார்ட்ஸ் என்றால் ஹெக்டர் என்ற இந்தக் காலத்து எம்ஜி காரின் பம்பரைத்தான் காட்டுவார்கள். ஹெரால்டு என்று சொல்லிப் பாருங்கள், இளைஞர்கள் முழிப்பார்கள், ஆனால் கடைக்குள்ளிருந்து வயதான ஒருவர் எழுந்து வருவார், அவரிடம்தான் விஷயம் இருக்கிறது.

எனக்கு முக்கியமாக வேண்டியிருந்தது முன்சக்கர ட்ரன்னியன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை மரையோடு இதற்குள் இறங்கியிருக்கும், ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழலும். கிரீஸ் அடிக்கக்கூடாது, இபி 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். ஆயில் இல்லாமல் விட்டால் தண்ணீர் புகுந்து துருப்பிடித்து ஒருநாள் தண்டு முறிந்து சக்கரமே மடங்கிவிடும். இதை நான் ஆரம்பிப்பதற்குள் அந்தப் பெரியவரே, "கிரீஸ் அடிச்சுத்தான் பாதி வண்டியைக் கெடுத்தாங்க தம்பி" என்றார்.

அவர் சொன்ன லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் ஒரு பக்கத்து ட்ரன்னியனை மட்டும் வைத்து வேலை தொடங்க மறுத்துவிட்டார், இன்னொன்றும் வேண்டுமாம். வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசை என்று கண்டுபிடித்தும்விட்டார். அப்புறம், "சார், இது உசிரு சம்பந்தப்பட்ட சாமான், புதுசா வாங்கிக்குங்க, புஷ்ஷும் ஸ்பேசரும் மட்டும் கடைஞ்சு தரேன்" என்றார். வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லும் பட்டறையை நம்பலாம் என்பது என் கணக்கு. கடைந்து கொடுத்த புஷ் அளவு துல்லியம்.

எல்லா இடமும் இப்படி இல்லை. ஒரு கடையில் நான் வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் விலை ஏறியது, அதற்குமேல் பேரம் பேச சித்தப்பா மகனைத்தான் அனுப்பினேன். இன்னொருவர், அதே ஸ்டாண்டர்டு கம்பெனியின் இன்னொரு காரான கெஸலின் பின்அச்சை 'ஹெரால்டுதான் சார்' என்று தள்ளிவிடப் பார்த்தார். ஸ்டாண்டர்டு கெஸலுக்கு அச்சு இரு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே துண்டு, ஹெரால்டில் இரு பக்கமும் தனித்தனியாக ஆடும், இரண்டும் சேராது. எஞ்சின் சாமானிலும் கவனம் வேண்டும். நம்மூர் ஹெரால்டு 948 சிசி, என்னுடையது 1147. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) இரண்டிலும் 76 மி.மீ., ஆனால் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 63க்கும் 69.3க்கும் வித்தியாசம், பிஸ்டன் வாங்கினால் காசு தண்டம்.

'நாளைக்கு வாங்க' என்பதற்கு இரண்டு மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவினால் அந்த வாசமே விமான நிலையத்தில் சிக்கலாகிவிடும், கடைசியாகச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது, எடைக்குப் பயந்து சித்தப்பா வீட்டு மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். சித்தி இன்னும் பார்க்கவில்லை.