வீட்டில் வில் பட்டறை: நாலு வருஷம் கழித்து

போன வாரம் தேவகோட்டையிலிருந்து நண்பன் ஒருவன் கூப்பிட்டான். அவன் மகன் வில்வித்தைப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. "மாப்ளே, உன் வீட்ல இருக்கிற மாதிரி நானும் ஒரு பட்டறை போட்டுடலாம்னு பாக்குறேன். அந்தச் சிறகு ஒட்டுற ஜிக் வேற இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கிடவா?" என்றான்.

அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு தேர்வுப் போட்டியில் என் மகளின் அம்புகள் மூன்றில் சிறகு உரிந்து தொங்கியது. மூன்றும் அந்த ஜிக்கில், அதாவது அம்பைப் பிடித்துக்கொண்டு சிறகை ஒட்ட உதவும் கருவியில், நான் ஒட்டியவை. போனில் படபடவென்று ஏதோ பேசிவிட்டேன். நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பட்டறை என்றால் வில் செய்யும் இடம் இல்லை. வில் கடையில் வாங்கியது, 68 அங்குல ரீகர்வ் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்). நாண் முறுக்குவது, அம்புத் தண்டை அளவுக்கு வெட்டுவது, முனை மாட்டுவது, சிறகு ஒட்டுவது, இவ்வளவுதான் நான் செய்கிறேன். பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டில், இரண்டாங்கட்டில் எங்கள் பங்குக்கு வந்த அறைதான் இடம். சும்மா கிடந்த அறை, வாடகை இல்லை. எங்கள் பக்கம் ஒரு நாண் வேண்டுமென்றால் ஆன்லைனில் போட்டுவிட்டு கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். நடுவில் போட்டி வந்துவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? அந்தக் கவலையில்தான் ஆரம்பித்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாண் சட்டம், அதாவது நாண் செய்ய நூலைச் சுற்றும் சட்டம். இந்த நாலு வருஷத்தில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்த சாமான் வேறு இல்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றில், ஒரு பழைய கதவு நிலையின் பக்கக் கட்டை கிடைத்தது. பர்மா தேக்கு. ஒரு ஓரம் அரித்திருந்ததால் கடைக்காரர் விலையைக் குறைத்துக் கொடுத்தார். ஆசாரியிடம் சொல்லி, கட்டையின் இரண்டு முனையிலும் திரும்புகிற மாதிரி ஒரு குறுக்குக் கை, ஒவ்வொரு கையிலும் இரண்டு 12 மில்லி போல்ட் நிற்க வைத்தேன். கைகளைக் கட்டையோடு நேராகத் திருப்பி வைத்து நூலைச் சுற்ற வேண்டும். 8 சுற்று சுற்றினால் 16 இழை. பிறகு கைகளைக் குறுக்காகத் திருப்பி, இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் நிற்கும் இழைகள் மேல் சர்விங் நூலை (இழைகளைக் காக்க மேலே சுற்றும் நூல்) நெருக்கமாகச் சுற்றினால், வில்லின் முனையில் மாட்டும் காது தயார்.

எல்லாச் சட்டமும் இதைத்தான் செய்யும். ஆனால் மெல்லிய இரும்புக் குழாயில் நான் முதலில் செய்துபார்த்த சட்டம், நூலை இழுத்துச் சுற்றச் சுற்ற உள்ளே வளைந்தது. முதல் சுற்றும் எட்டாவது சுற்றும் ஒரே நீளத்தில் நிற்கவில்லை. நாணைப் பூட்டினால் இரண்டு மூன்று இழை தொளதொளவென்று தனியாகத் தெரியும். இந்தத் தேக்கு இம்மியும் அசையவில்லை. போன மாதம் ஒரே உட்காரலில் நாலு நாண் செய்தேன். 65 அங்குலம் என்று வைத்தது. நாலுக்கும் இடையில் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்த 2 மில்லியைச் சரிசெய்ய, பூட்டும்போது முறுக்கைக் கூட்டிக் குறைத்தால் போதும். முறுக்கு கூடினால் நாண் குறுகும், பிரேஸ் ஹைட், அதாவது வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, ஏறும்.

அப்புறம் நடு சர்விங், அம்பு மாட்டும் இடத்தில் நாண் மேல் சுற்றும் நூல். அது தடித்துவிட்டால் நாக் (அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் பிளவு) இறுகும், மெலிந்துவிட்டால் அம்பு நழுவும். அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். தானாக விழக்கூடாது. நாணை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் கழன்று விழ வேண்டும். என் மகள் இதை முற்றத்து வெளிச்சத்தில் நின்றுதான் பார்ப்பாள். விழுந்தால் என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள். அப்பத்தாவும் கூட நின்று பார்ப்பார்.

தண்டின் விறைப்பு பார்க்கும் கருவியையும் நானே செய்தேன். ஸ்பைன் என்று பெரிய விஷயமாகச் சொல்வார்கள். அடிப்படை எளிதுதான். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கி, நடுவில் 880 கிராம் எடை. தண்டு அரை அங்குலம் தொங்கினால் அது 500 ஸ்பைன், அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்துக்கு 500 பங்கு. மளிகைக் கடை எடைக்கற்களில் 500, 200, 100, 50, 20, 10 ஆறையும் சேர்த்தால் சரியாக 880 வரும். கொக்கியின் எடையையும் அதற்குள் கணக்கில் கொண்டுவர வேண்டும். தொங்கும் அளவைக் காட்ட, 10 மில்லி மட்டும் ஓடுகிற டயல் கேஜை வாங்கிவிடாதீர்கள். 600 ஸ்பைன் தண்டு 15 மில்லிக்கு மேல் தொங்கும், முள் பாதியிலேயே முட்டிக்கொள்ளும்.

வெட்டுவதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். கார்பன் தண்டை ஆக்ஸா பிளேடால் அறுக்கவே கூடாது, நார் பிளந்துவிடும். நான் பலகையில் பொருத்திய கிரைண்டரில் 1 மில்லி கட்டிங் வீல் போட்டு, தண்டை மெதுவாக உருட்டிக்கொண்டே வெட்டுகிறேன். கொல்லையில், முகமூடி போட்டு, ஈரத்துணி வைத்துத்தான். அந்தக் கரித்தூள் நுரையீரலுக்கு ஆகாது. வெட்டும்போது பிள்ளையைப் பக்கத்தில் விடமாட்டேன்.

இனி ஜிக்.

சிறகு ஒட்டும் ஜிக்கின் வேலை ஒன்றே ஒன்றுதான். அம்பின் பின்முனையை ஒரு குமிழில் பிடித்துக்கொண்டு, ஒரு சிறகு ஒட்டி முடிந்ததும் சரியாக 120 பாகை திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்காகக் குமிழுக்குள் மூன்று பள்ளம். ஸ்பிரிங் வைத்த சின்னக் குண்டு ஒன்று பள்ளத்தில் விழுந்து 'டக்' என்று நிற்கும். நான் வாங்கியதில் அந்தப் பள்ளங்கள் பிளாஸ்டிக். குண்டு இரும்பு. இரும்பு ஆயிரம் தடவை உரசினால் பிளாஸ்டிக் என்ன ஆகும் என்று செய்தவருக்குத் தெரியாதா?

இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அதை மறைக்க மாட்டேன். பத்து டஜன் அம்புக்கு மேல் ஒட்டியிருப்பேன், ஒன்றும் உரியவில்லை. மூன்றாவது வருஷம் 'டக்' சத்தம் குறைந்தது. அப்புறம் குமிழ் நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தது. இடது கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஒட்டப் பழகினேன். 12 அம்பு, 36 சிறகு. ஒவ்வொன்றுக்கும் பசை இறுகும்வரை விரலை எடுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகிப் பார்த்தேன். ஒரு டஜனுக்குத் தாங்கியது, அப்புறம் அதுவும் நசுங்கிப்போனது.

நான் சந்தேகப்பட்டதெல்லாம் பசையைத்தான். தண்டைச் சரியாகத் துடைக்கவில்லையோ, சிறகின் அடியில் விரல் பட்டதோ, சித்திரை வெயிலில் காரில் வைத்த பெட்டி சூடேறிவிட்டதோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். பசையையே மூன்று தடவை மாற்றினேன். போட்டியில் உரிந்த சிறகை அன்று ராத்திரி லென்ஸ் வைத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. சிறகின் அடிப்பாகத்தில் ஒரு ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி பசைக் கோடு. மறு ஓரம் சுத்தமாக, வாங்கினபோது இருந்த பளபளப்போடு இருந்தது. குமிழ் இரண்டு மூன்று பாகை சாய்ந்து நின்றதால் சிறகு தண்டின் மேல் முழுதாக உட்காரவே இல்லை. பாதி அகலத்தில்தான் ஒட்டியிருக்கிறது. பசை மேல் ஒரு குற்றமும் இல்லை.

மகள் கோபப்படவில்லை. "நானும் கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா தடவிப் பாத்திருக்கணும் அப்பச்சி" என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு ஜிக் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை காரைக்குடியில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் பிளாஸ்டிக் பள்ளங்களைக் கடைந்து எடுத்துவிட்டு, பித்தளை வளையம் ஒன்றைச் செய்து, டிவைடிங் ஹெட்டில் வைத்து மூன்றாகப் பிரித்துக் குழி போட்டுக் கொடுத்தார். 400 ரூபாய். இப்போது புதிதில் இருந்ததைவிட அழுத்தமாக நிற்கிறது. அந்தப் பித்தளையை முதலிலேயே போட்டிருந்தால் விலை கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். விலை குறைந்திருக்கிறது என்று என் நண்பன் சொன்ன ஜிக்கின் படத்தைப் பார்த்தேன். அதே குமிழ், அதே பிளாஸ்டிக்.

செலவுக் கணக்கு: நாண் சட்டம் ஆசாரி கூலியோடு 2,600, நாண் நூல் சுருள் நாலாயிரத்துச் சொச்சம், ஜிக் 1,400, சர்விங் கருவி, வில்லில் அளவு பார்க்கும் சதுரம், மெழுகு எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐநூறு. கிரைண்டர் வீட்டில் இருந்தது. இலக்கு, புதுவயல் அரிசிச் சாக்கில் தையல்கடை வெட்டுத்துணியை இடித்து நிரப்பியது. முகப்பிலிருந்து நேர்கோட்டில் பின்வாசல் வரை போகிற எங்கள் வீட்டு அமைப்பு உள்ளரங்கப் போட்டியின் 18 மீட்டருக்குச் சரியாக இடம் கொடுத்தது. சாக்குக்குப் பின்னால் பழைய ஜமுக்காளம் தளர்வாகத் தொங்குகிறது. பின்கதவைத் தாழிட்டு, வீட்டில் எல்லோரும் முகப்புக்கு வந்து மகளுக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் முதல் அம்பு. சிறகில்லாத தண்டு ஒன்றையும் சேர்த்து எய்து பார்ப்போம். வலக்கைக்காரருக்கு அது மற்ற அம்புகள் குத்திய இடத்துக்கு இடப்பக்கம் போனால் தண்டு விறைப்பு அதிகம், வலப்பக்கம் போனால் குறைவு.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பனுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். நாண் சட்டம்கூட இப்போது வேண்டாம். அவன் பையனுக்கு வயது 13. கை நீள நீள இழுக்கும் நீளமும் கூடும். இன்று அளவெடுத்து வெட்டிய அம்பு அடுத்த வருஷம் குட்டையாகிவிடும், குட்டையான அம்பு இழுக்கும்போது, வில்லில் அம்பு தங்கும் ரெஸ்டைவிட்டு உள்ளே வந்துவிட்டால் கைக்கே ஆபத்து. இப்போதைக்கு நீளம் விட்டு வாங்கிய அம்பும், கடை நாண் இரண்டும், ஒரு மெழுகுக் கட்டியும் போதும். அந்த ஜிக்கைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதே என்று சொல்லிவிட்டேன்.

அவன் மனசு கொஞ்சம் வாடியிருக்கும் என்று தெரியும். பையனின் அம்புகளை எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். சிறகு மட்டும் வாங்கி வரட்டும். பசை என்னிடம் இருக்கிறது, பித்தளை வளையமும் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு டஜன் ஒட்டி முடித்துவிடலாம்.