விசுவமடுத் தூள் மில்லில் ஒரு கவ்வி மீற்றர்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடையொன்றில் 8,500 ரூபாய் கொடுத்து வாங்கிய கவ்வி மீற்றரைப் பற்றி எழுதுகிறேன். சீனத் தயாரிப்பு. இதே அமைப்பில் பல பெயர்களில் கடைகளில் கிடைக்கிறது. விசுவமடுவில் மிளகாய்த்தூள், குரக்கன் மா, ஒடியல் மா அரைத்துக் கொடுக்கும் சிறிய மில் என்னுடையது. மோட்டர் இரண்டு குதிரைவலு. மில் நடத்துகிறவர்களும் தோட்டக் கிணற்றுக்கு மோட்டர் பூட்டியிருப்பவர்களும் இந்தக் கருவியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு முனைகளைத் தொட்டு வோல்ற்று பார்க்கலாம். அதைச் சாதாரண மீற்றரும் செய்யும். இதன் சிறப்பு, தலையில் வாய்போலத் திறந்து மூடும் தாடைதான். வயரை வெட்டாமல், கழற்றாமல் சுற்றிக் கவ்வினாலே எத்தனை அம்பியர் ஓடுகிறது என்று காட்டிவிடும். ஆனால் ஒற்றை வயரை மட்டுமே கவ்வ வேண்டும். போகும் வயரையும் திரும்பும் வயரையும் சேர்த்துக் கவ்வினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, திரையில் பூச்சியம்தான் வரும். மின்வேலை செய்யும் தம்பி ஒருவர் நீட்டு வயர் ஒன்றில் ஒரு முழத்துக்கு மேலுறையை மட்டும் நீக்கி, உள் வயர்களைப் பிரித்துத் தந்தார். இதை வாங்குகிறவர்கள் அப்படி ஒன்றையும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மீற்றர் எனக்குச் செய்த பெரிய உதவி மில்லுக்குப் போகும் வயரின் குறையைப் பிடித்துக் கொடுத்தது. மெயின் சுவிட்சிலிருந்து மில் அறை 30 மீற்றர் தூரம். "மோட்டரை விடுங்கள் அக்கா, மின்கேத்தலைப் போட்டுப் பாருங்கள். அது வெறும் தடை, கணக்கு நேராக வரும்" என்றார் தம்பி. மின்னழுத்தம் அதிகம் ஆடாத காலை நேரத்தில் மில் அறையில் கேத்தலைக் கொதிக்க வைத்து அளந்தோம். மெயின் சுவிட்சில் 214 வோல்ற்று, கேத்தலடியில் 206, ஓட்டம் 7.8 அம்பியர்.

மிச்சத்தை மகள் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் போட்டாள். சாதாரண தரப் பரீட்சைக்கு அவள் படிக்கிற, ஜேர்மனியரான ஓம் 1827 இல் வெளியிட்ட அதே விதி. 206 ஐ 7.8 ஆல் வகுத்தால் கேத்தலின் தடை 26.4 ஓம். பெருக்கினால் வலு ஏறக்குறைய 1,607 வாற்று. கேத்தலின் அடியில் 230 வோல்ற்றுக்கு 2,000 வாற்று என்று எழுதியிருக்கிறது. "கேத்தலில் பிழையில்லை அம்மா, 230 ஐத் தந்தால் அது 2,000 வாற்று எடுக்கும்" என்றாள். வழியில் குறைந்த 8 வோல்ற்றையும் அதே 7.8 ஆல் வகுத்தாள்: வயரின் தடை 1 ஓமுக்குச் சற்று மேல். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போக வர 60 மீற்றர் நீண்டால் அவ்வளவுதான் வரும் என்று தம்பி உடனே சொன்னார். மின்குமிழுக்காக முன்னொரு காலத்தில் போடப்பட்ட வயர் அது. மோட்டர் 10.5 அம்பியர் எடுக்கும் நேரத்தில் அந்த வயரே 110 வாற்றுக்கு மேல் வெப்பமாக வீணாக்கிக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் நான் பணம் கட்டினேன். 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்ட பிறகு அந்த இழப்பு கால்வாசியாகிவிட்டது.

மோட்டரின் குணம் கேத்தலுக்கு நேர்மாறு. மின்னழுத்தம் குறைந்தால் கேத்தல் குறைவாக எடுக்கும். சுமையோடு ஓடும் மோட்டரோ கூடுதலாக இழுக்கும். காலையில் 228 வோல்ற்றில் 9.5 அம்பியர் காட்டிய என் மோட்டர், ஊரெல்லாம் விளக்கும் பம்பியும் ஓடும் மாலையில் 198 வோல்ற்றில் 11.1 காட்டியது. கொயிலில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கூடுதல் சூடு. இலங்கையில் 230 வோல்ற்றுக்கு 6 வீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது விதி. அதன்படி கீழெல்லை ஏறக்குறைய 216. திரையில் அதற்குக் கீழே கண்டால் இப்போது மில்லை ஓட்டுவதில்லை. ஒடியல் மா கேட்டு மாலையில் வருகிறவர்களைக் காலையில் வரச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம்தான், எரிந்த மோட்டருக்குக் கொயில் கட்டக் கேட்கும் பணம் எனக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு. இது வாற்றைத் தானாகக் காட்டாது. மோட்டருக்கு 228 ஐ 9.5 ஆல் பெருக்கி 2,166 வாற்று என்று எழுதிவிடவும் கூடாது. என் மோட்டரின் தகட்டில் உள்ள வலுக் காரணி, அதாவது அந்தப் பெருக்கத்தில் உண்மையான வலுவாகும் பங்கு, 0.85. அதையும் பெருக்கினால்தான் ஏறக்குறைய 1,840 என்ற உண்மைக் கணக்கு வரும். அதேபோல வோல்ற்றை அம்பியரால் வகுத்து வருவது ஓடும் மோட்டரின் கொயில் தடையல்ல. கொயில் தடையை மின்சாரத்தை முழுதாக நிறுத்தி, வயரைக் கழற்றித்தான் அளக்க வேண்டும்; அந்த வேலையைத் தம்பியிடமே விட்டுவிடுகிறேன்.

சோலார் பனல் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். இதன் தாடை வீட்டு மின்சாரம் போன்ற ஆடலோட்டத்தை (ஏசி) மட்டுமே அளக்கும். பனலிலிருந்து வரும் நேரோட்டத்துக்கு (டிசி) பூச்சியம் காட்டும். இரண்டையும் அளக்கும் வகையின் விலை இன்னும் கூட. பனல் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் கடையிலேயே ஒரு காற்றாடியை ஓடவிட்டு, ஒற்றை வயரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு விற்றவர் முகம் சுளிக்காமல் காட்டினார்.