185,000 ரூபாய் போச்சு: வீல்செயார் தள்ளும் மோட்டர் வாங்க இருப்பவர்கள் ஒருக்கா வாசியுங்கள்

185,000 ரூபாய். கட்டாரில் இருக்கிற தம்பி அனுப்பிய காசு. பெயர் போட்டால் வழக்கு வைப்பார்களாம், அதனால் இணையத்தில் விளம்பரம் போட்டு கொழும்பில் இருந்து கொரியரில் அனுப்புகிற ஒரு மருத்துவச் சாமான் கடை என்று மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததில் இருந்து வீல்செயார்தான். ஆள் நல்ல பாரம், தள்ளுவது அம்மா, அவவுக்கே முழங்கால் வருத்தம். சாதாரண வீல்செயாரின் பின்னால், கீழே பூட்டுகிற மோட்டர் ஒன்று இருக்கிறது. சின்னச் சில்லு, 24 வோல்ட் பற்றரி, கைபிடியில் ஒரு லீவர். பெருவிரலால் அமத்தினால் அதுவே தள்ளும், நாங்கள் பிடித்துத் திருப்பினால் போதும். நல்ல சாமான்தான், அதில் குறை சொல்லவில்லை.

விற்றவன் வீடியோ கோலில் வந்தான். அம்மாவோடும் கதைத்தான், "என்ட அம்மம்மாவும் வீல்செயார்லதான் அன்ரி, நான் உங்கள ஏமாத்துவனா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அம்மா உருகிப்போனா. எங்கள் வீல்செயாரைப் படம் எடுத்து அனுப்பி இதற்குப் பொருந்துமா என்று கேட்டேன், "எல்லாத்துக்கும் பொருந்தும் அக்கா, யோசிக்காதீங்க". எங்கள் மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் ஏறுமா? "ஏறும், இறங்கும்போது தானாப் பிடிக்கும்." அன்றைக்கே 185,000 ரூபாயையும் வங்கியில் போட்டேன்.

பெட்டியைத் திறந்தால் சில்லு தேய்ந்திருக்கிறது, பற்றரியில் திகதி ஒட்டியிருந்த இடம் சுரண்டியிருக்கிறது. பூட்டுகிற கவ்வி எங்கள் வீல்செயாரின் குழாயை விடப் பெரிசு. கேட்டால் ரப்பர் துண்டு வைத்து இறுக்கச் சொன்னான். வீட்டுக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தோம், சரி, போனது. பிறகு பாலத்துக்குக் கொண்டுபோனோம். ஏறியது. இறக்கத்தில் அம்மா விரலை எடுத்தா, லீவர் திரும்பி வரவில்லை, அமந்தபடியே நின்றது. இறக்கத்தின் வேகத்தோடு மோட்டரும் சேர்ந்து தள்ளுது, "தானாப் பிடிக்கும்" என்றது சுத்தப் பொய். அம்மா கைபிடியில் தொங்குறா, நான் முன்னால் ஓடி நெஞ்சைக் கொடுத்துத்தான் நிறுத்தினேன். அப்பாவுக்குப் பேச வராது, என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். முதலில் "நீங்க பிழையாப் பூட்டியிருப்பீங்க". பிறகு "உப்புக் காத்து பட்டிருக்கும்". வாங்கி ஒரு கிழமை ஆகவில்லை, அதற்குள் உப்புக் காத்து! பிறகு "முதலாளி வெளிநாட்டில". பிறகு "திருப்பி அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றம்", கொரியர் காசும் என் தலையில். கடைசியில் நம்பரையே புளொக் பண்ணிவிட்டான். அன்ரி, அக்கா எல்லாம் காசு விழும் வரைக்கும்தான். 185,000 ரூபாய்க்கு ஒரு பில் கூட இல்லை, வங்கிச் சீட்டு மட்டும்.

எப்படிப் பாவிக்க வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. பூட்டிக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள். லீவரை விட்டதும் உடனே துள்ளித் திரும்புதா என்று ஆளை இருத்துவதற்கு முதல் பாருங்கள். எத்தனை கிலோ வரை தாங்கும் என்று சாமானிலேயே எழுதியிருக்க வேண்டும், விற்பவன் வாயில் இல்லை. இதில் பலதுக்குத் தனிப் பிரேக் கிடையாது, இறக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், நிறுத்தினால் சுவிட்சை அணைத்து வீல்செயாரின் பிரேக்கையும் போடுங்கள். ஈயப் பற்றரி என்றால் ஓட்டாவிட்டாலும் சார்ஜில் போட வேண்டும், கிடந்தால் செத்துவிடும். மழையில் வேண்டவே வேண்டாம். பில் தராவிட்டால் வாங்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம், நான் நாளைக்குக் காலையில் எடுக்கப்போகிறேன். இதே ஆளிடம் ஏமாந்த வேறு யாரும் இருந்தால் இன்பொக்ஸில் வாருங்கள், சேர்ந்தே முறைப்பாடு போடுவோம். மட்டக்களப்புப் பக்கம் இந்த லீவரைத் திருத்தத் தெரிந்த ஆள் இருந்தாலும் சொல்லுங்கள்.